விடிய நாலரைக்குக் கேட்ட நகச்சத்தம்: தோட்ட லயமொன்றில் ஒரு நாயின் சாவுக்குப் பின்

நிகழ்வு ஆய்வு

இதில் வரும் ஆட்களுக்குப் பெயர் தரவில்லை. நாயின் பெயரையும் விட்டிருக்கிறோம். தோட்டத்தில் நாயின் பெயரைச் சொன்னாலே எந்த டிவிசன், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), எத்தனையாவது காம்பரா (அறை) என்பது வரை விளங்கிவிடும்.

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில் நாலாயிரம் அடிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் 63 வயதுப் பெண் ஒருவர், மகளின் மகனான 9 வயதுப் பேரனோடு இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கொழும்பில் வேலை செய்து மாதம் 10ஆம் திகதி காசு அனுப்புவார். சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவு) பிரஷருக்கும் கிளினிக் கொப்பி உண்டு. இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம்.

நாய்க்கு 11 வயது. கணவர் டவுனிலிருந்து சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போன காலத்தில் அந்த அம்மா விடிய 4.30க்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) படுத்திருக்கும் நாயும் எழுந்து, சீமெந்துத் தரையில் நகம் தட்டத் தட்டக் குசினி வாசல் வரை வரும். ரொட்டியின் முதல் துண்டு அதற்கு. ஓய்வு பெற்ற பிறகும் இது மாறவில்லை. பதினொரு வருடம் என்றால் ஏறக்குறைய 4,000 விடியல்கள், ஒரே நேரம், ஒரே சத்தம். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

நோயும் சாவும்

ஜூன் 3ஆம் திகதி நாய் சோற்றை விட்டது. 5ஆம் திகதி சிறுநீர் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனது. ஓட்டோ பிடிக்கக் காசில்லை, 10ஆம் திகதி வரட்டும் என்று இருந்தார்கள். 8ஆம் திகதி ஈறு மஞ்சளானதைக் கண்டு பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். இரத்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார். பபீசியா என்ற ஒட்டுண்ணி உண்ணி கடிக்கும்போது உள்ளே போய்ச் செங்குருதிக் கலங்களை உடைக்கும். உடைந்த கலத்தின் சாயம்தான் சிறுநீரில் வருவது. ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். 9ஆம் திகதி இரவு, இஸ்தோப்பில் அதன் சாக்கின் மேலேயே நாய் இறந்தது.

நாய் ஏதோ வருத்தத்தில் சாகும்போது வீட்டார் முதலில் கேட்க வேண்டியது விசர்நாய் நோயைப் பற்றி. இங்கே வருடாந்தத் தடுப்பூசி அட்டை இருந்தது. வைத்தியர் நாயை உயிரோடு பார்த்து நரம்பு சம்பந்தமான அறிகுறி இல்லை என்று எழுதியிருந்தார். பேரனை நக்கியது காயமில்லாத தோலில். அரச வைத்தியசாலையில் இவற்றைக் காட்டியதும் ஊசி வேண்டாம் என்றார்கள். அட்டை இல்லாமல், கடித்தோ கீறியோ இருந்தால் கதை வேறு. அப்போது புதைக்க முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் சோதிக்கத் தலை தேவைப்படும். புதைத்த பிறகு அதற்கு வழியில்லாமல் போய்விடும்.

குழியில் நடந்த பிழை

மழைக்குள் இரண்டு பையன்மார் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினார்கள். ஆழம் ஒன்றரை அடிதான். கல் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மண் உள்வாங்கியது. அன்றிரவே காட்டுப்பன்றியோ தெருநாயோ ஒரு பக்கத்தைக் கிளறிவிட்டது. விடிய அந்த அம்மா பார்த்தபோது குழி திறந்திருந்தது. லயத்தில் ஒருவர், "அது எந்திரிச்சி வரப் பாத்திருக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நகச்சத்தம் முதன்முதலாகக் கேட்டது அதற்கு அடுத்த விடியலில்.

மலைப்பக்கத்தில் நடுத்தர நாய்க்கு மூன்றடிக்குக் குறையாத குழி வேண்டும். மேல்மண் மழையில் இறங்கும் என்பதால் ஓர் அடி உயரத்துக்குக் குவித்து மிதிக்க வேண்டும். அதன் மேல் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கற்களை நெருக்கி அடுக்க வேண்டும். பொலித்தீனில் சுற்றக் கூடாது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேற்சரிவில் ஒருபோதும் புதைக்கக் கூடாது. இங்கே இடம் சரியாக இருந்தது, ஆழம்தான் பிழைத்தது. 22ஆம் நாள் மண் போட்டுக் கல் அடுக்கினோம்.

முதல் மூன்று வாரம்

5ஆம் நாளிலிருந்து விடியற்காலை நகச்சத்தம். 6ஆம் நாள், "பசியோட வருதோ என்னமோ" என்று நாயின் அலுமினியத் தட்டில் சோறு வைத்து இஸ்தோப்பில் விட்டார். சோறு விடிய முன் காலியானது. அதன்பின் இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் தட்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியது. இது பேரனுக்கும் கேட்டது, அடுத்த காம்பராவுக்கும் கேட்டது. ஈர நாயின் வாடை வந்தது. தூக்கம் கண்ணைச் சுற்றும்போது காலடியில் பாரமாக ஏதோ படுப்பது போல இருந்தது.

9ஆம் நாளிலிருந்து பேரன் படுக்கையில் சிறுநீர் விடத் தொடங்கினான். 12ஆம் நாள், தூக்கம் இல்லை என்று அந்த அம்மா வீட்டிலிருந்த தடிமன் (சளி) மாத்திரையை, குளோர்பெனிரமின் 4 மில்லிகிராமை, இரவில் இரண்டு இரண்டாகப் போட ஆரம்பித்தார். 15ஆம் நாள் மாலை அடுப்புப் பக்கம் வலது ஓரத்தில் ஒரு உருவம் தாழ்வாக ஓடுவதைக் கண்டார். 17ஆம் நாள், ஆவி வராமல் கட்டுக் கட்ட 15,000 ரூபா ஆகும் என்று வெளியூர் ஆள் ஒருவர் சொல்லியனுப்பினார். பேரன் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைக் கவனித்த குடும்பநல உத்தியோகத்தர்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்.

21ஆம் நாள்: கேட்டதும் கேட்காததும்

குடும்பநல உத்தியோகத்தர் சொல்லி நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். வாங்கில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தபடி ஐம்பது நிமிடம். ஆவியை நம்புகிறீர்களா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வேலைக்கு உதவும் தகவல் ஒன்றும் வராது. கேட்டவை சின்னச் சின்னக் கேள்விகள். எத்தனை மணிக்கு? கண் திறந்திருந்ததா? எந்தப் பக்கம்? வேறு யாருக்கும் கேட்டதா? சாப்பிட்டிருந்தீர்களா? எந்த மாத்திரை போட்டு எத்தனை நாள்? வந்தால் ஆறுதலா, பயமா? ஏதாவது சொல்கிறதா, செய்யச் சொல்கிறதா?

ஆறுதலா பயமா என்ற கேள்விக்குத்தான் உண்மையான பாரம் வெளியே வந்தது. "அது வருதுங்க. வாசப்படியில நின்னு பாக்குது. மூணு நாளு ஏன் வச்சிருந்தேன்னு கேக்குற மாதிரி இருக்கு."

அதோடு நாமும் போய்விடலாம் என்று தோன்றியதா என்றும் நேராகவே கேட்டோம். இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது வீண் பயம். அவர் சிரித்துவிட்டு, "அப்பறம் இவனுக்கு யாருங்க சோறாக்குறது?" என்றார்.

இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது அரிதல்ல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் இறந்தவரை உணர்ந்திருந்தார்கள். அருகில் இருக்கும் உணர்வு 39 சதவீதம், கண்டது 14, கேட்டது 13. பெரும்பாலானோர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அது மனிதரை இழந்தவர்களைப் பற்றிய கணக்கு. ஆனால் சொல்லாமல் இருப்பது நாய் விஷயத்தில் இன்னும் அதிகம். கணவர் செத்தபோது லயமே வந்து நின்றது. நாய் செத்ததற்கு யார் வருவார்கள்? "நாய்க்கா இப்படி அழுவுற?" என்ற ஒரு வார்த்தையோடு அவர் வாயை மூடிக்கொண்டார். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்தத் துக்கத்தைப் பற்றி துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இலேயே எழுதியிருக்கிறார்.

பிரித்துப் பார்த்தது

வீட்டாரும் அயலாரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "அது வருது" என்றார்கள். மருத்துவம் படித்தவர்களும் அதே மூட்டையைத் தூக்கி "மனப்பிரமை" என்ற வேறு பெயர் ஒட்டிவிடுவதுண்டு. இரண்டுமே அவசரம். அவிழ்த்துப் பார்த்தபோது ஐந்தும் ஒரே விதமாக இல்லை.

நகச்சத்தம் விடிய 4.30க்கு மட்டும், எப்போதும் கண் திறக்க முன், எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். உறக்கத்திலிருந்து விழிப்புக்கு வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளை தான் எதிர்பார்ப்பதைத் தானே கேட்டுவிடும். 4,000 விடியல் பழகிய எதிர்பார்ப்பு இருபது நாளில் அழியாது. காலடிப் பாரமும் இதே இனம், ஆனால் தூக்கம் பிடிக்கும் பக்கத்தில்.

வாடைக்குக் காரணம் இஸ்தோப்பு மூலையில் கிடந்தது. நாய் செத்த சாக்கை யாரும் எடுக்கவில்லை. தென்மேற்கு மழையில் சாரல் பட்டு அது ஊறியிருந்தது.

தட்டுச் சத்தம் பலருக்கும் கேட்டதால் வெளியே நடக்கும் சத்தம்தான். சோறு வைத்த பிறகே அது தொடங்கியது என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உருவம்தான் யோசிக்க வைத்தது. முதியவருக்குக் கண்ணோரத்தில் சின்ன மிருகம் ஓடுவது போலத் தெரிந்தால் துக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. லூயி உடல் மறதிநோயிலும் பார்க்கின்சன் நோயிலும் இல்லாத காட்சிகள் இப்படித்தான் தொடங்கலாம். பார்வை குறைந்தவர்களுக்கு மூளை தானாகவே படம் போட்டுக் காட்டும் சார்ள்ஸ் பொனே நிலையும் உண்டு. சிறுநீர்க் கிருமியால் வரும் திடீர்க் குழப்பமும் உண்டு. குளோர்பெனிரமின் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் இல்லாத காட்சிகளையும் தரக்கூடியது. மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் உருவம் தெரிந்ததால் சந்தேகம் முதலில் அதன்மேல் விழுந்தது. குடிக்கிறவராக இருந்தால், திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மிருகங்கள் தெரிகிறதா என்றும் கேட்டிருக்க வேண்டும். அது அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய ஆபத்து. இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் மாத்திரை நிறுத்தப்பட்டது. கிளினிக்கில் சிறுநீர் சோதித்தார்கள், கிருமி இல்லை. சீனி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து வந்ததால் விடியற்காலையில் சீனி இறங்குகிறதா என்று மூன்று நாள் 5 மணிக்கு விரல் குத்திப் பார்த்தோம்: 84, 91, 88. அது காரணமில்லை. என்றாலும் இரவுச் சாப்பாடு கட்டாயமாக்கப்பட்டது.

ஞாபகசக்தியைப் பார்க்க வழக்கமாகக் கடிகாரம் வரையச் சொல்வார்கள். பென்சில் பிடித்துப் பழகாதவரிடம் அது நியாயமான சோதனையல்ல. அவர் பறித்த மலைகளின் நம்பரைக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சொல்லச் சொன்னோம். தடங்காமல் சொன்னார், இடையில் ஒரு மலையின் பழைய கங்காணியைத் திட்டவும் செய்தார். கை நடுக்கம், விறைப்பு, தூக்கத்தில் கைகால் வீசுவது எதுவும் இல்லை. கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதப்பட்டது.

நகச்சத்தத்தை நிறுத்த எதுவும் செய்வதில்லை என்பது யோசித்து எடுத்த முடிவு. லைட்டைப் போட்டுக் காலைத் தரையில் ஊன்றினால் சத்தம் நிற்கும் என்று மட்டும் சொன்னோம். "நிக்க வேணாங்க, கேக்கட்டும்" என்றார். சரி என்று விட்டோம். துன்பம் சத்தத்தில் இல்லை, அந்த மூன்று நாளில் இருந்தது.

அதற்குக் கால்நடை வைத்தியரையே பேச வைத்தோம். போனில் ஐந்து நிமிடம். "ஒங்க மேல பிழையில்ல" என்று பூசி மெழுகாமல் பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். அவர் சொன்னது: "அஞ்சாந் திகதியே வந்திருந்தா வாய்ப்புக் கொஞ்சம் கூட இருந்திருக்கும்மா. ஆனா பதினொரு வயசு நாய். அன்னைக்கே வந்தும் செத்த நாய்கள நான் பாத்திருக்கேன்." அந்த அம்மா போனை வைத்துவிட்டு வெகு நேரம் அழுதார். வாசப்படியில் நின்று கேட்கிறது என்ற பேச்சு அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. முழுப் பொய்யான ஆறுதலை ஆள் நம்பமாட்டார், அதிலிருக்கும் இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குற்றத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

சாம்பல்

பேரனின் பயம் இராத்திரிச் சத்தத்தில் இருந்தது. அதனால் சத்தத்துக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடிப்பது என்று முடிவானது. அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, தட்டைச் சுற்றி மூன்றடிச் சதுரத்துக்கு, ரூபாய்க் குத்தி (நாணயம்) கனத்தில் தூவ வேண்டும். கனமாகப் போட்டால் கால் புதைந்து அச்சு உடையும். மெல்லிசாகப் போட்டால் தரையே தெரியும். மழைச் சாரல் படும் இரவு சரிவராது. 24ஆம் நாள் இரவு மழை விட்டிருந்தது.

விடியப் பார்த்தபோது தெளிவான அச்சு. ஒன்றரை அங்குலம், ஐந்து விரல். நாயின் அச்சில் நாலு விரல்தான் விழும். மரநாய். கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வழியில் வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மாயி, அது நம்மள்து இல்ல! மரநாய்!" என்று லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான். அந்த அம்மா சாம்பலைக் கூட்டி அள்ளினார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் யாரோடும் பேச விரும்பவில்லை. நாய் இரண்டாவது தடவை செத்தது அன்றைக்குத்தான்.

சோதனை சரி. அதன் முடிவை அவருக்கு எப்படிச் சொல்வது, யார் சொல்வது, சோறு வைக்க முடியாமல் போனால் அந்தக் கைக்கு வேறு என்ன வேலை என்று யோசிக்காமல் செய்தது பிழை. எங்களுக்கு அது துப்புத் துலக்கல், அவருக்குப் படையல்.

33ஆம் நாள் தோட்டத்துக் கோயில் பூசாரிதான் வழி காட்டினார். "வாயில்லா ஜீவனுக்குக் கருமாதி இல்ல தாயி. வெளக்கு வைக்கலாம், தப்பில்ல. பைரவரு வாகனந்தானே?" வெள்ளிக்கிழமை பின்னேரம் குழியடியில் ஒரு விளக்கு, இலையில் ஒரு துண்டு ரொட்டி, விளக்கு அணைந்ததும் ரொட்டியை எடுத்துக் கோழிக்குப் போடுவது. இரவில் சாப்பாடு வெளியே இல்லை. செலவு எண்ணெய் மட்டும். 15,000 ரூபா பேச்சு அதோடு நின்றது.

பேரன்

மரநாய் என்று தெரிந்த பின்னும் அவன் ஒரு கிழமை தனியே கக்கூசுக்குப் போக மறுத்தான். வகுப்புக் கொப்பியில் நாயை வரையச் சொன்னபோது நாயோடு ஒரு கல்லையும் வரைந்தான். மே மாதம் கோபத்தில் கல்லால் அடித்திருக்கிறான். அதனால்தான் செத்தது, அதனால்தான் தேடி வருகிறது என்பது அவன் கணக்கு. உண்ணியால் வந்த வருத்தம், கல்லால் இரத்தத்துக்குள் பூச்சி போகாது என்று படம் போட்டு விளக்கினோம். "தூங்குது", "சாமிகிட்ட போயிருச்சி" போன்ற பேச்சை வீட்டார் தவிர்த்தார்கள். உடம்பு நின்றுபோனது, இனி வலிக்காது, திரும்பி வராது என்ற மூன்றையும் நேரடியாகச் சொன்னார்கள். 38ஆம் நாள் பள்ளிக்கூடம் போனான். படுக்கை நனைவது இரண்டு மாதத்தில் நின்றது.

பின்பு நடந்தது

மாத்திரை நிறுத்தி நாலாம் நாளிலிருந்து உருவம் தெரியவில்லை. ஆறு மாதம் வரை கேட்டுக்கொண்டே இருந்தோம், திரும்பவில்லை. வாடை சாக்கோடு போனது. சாக்கை எரிக்கவா என்று அவரிடமே கேட்டு, அவர் ஒரு முழத் துண்டு வெட்டி வைத்துக்கொண்ட பிறகுதான் எரித்தார்கள். ஆறாவது வாரத்தில் இரவு ஐந்து மணி நேரத் தூக்கம் வந்தது.

நகச்சத்தம் மூன்றாம் மாதத்தில் வாரம் இரண்டு தடவை, ஆறாம் மாதத்தில் மாதம் ஓரிரு தடவை. கேட்ட நாளில், "இன்னைக்கு வந்திருச்சி" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டுகிறார். அவன் பயப்படுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் நீடித்த துக்கக் கோளாறுக்கு ஆறு மாதத்துக்கு மேல் என்ற அளவு உண்டு. அது நெருங்கிய மனிதரின் சாவுக்கு எழுதப்பட்டது. என்றாலும் அதே ஆறு மாதத்தை மீள்பார்வைக்கான நாளாக வைத்துக்கொண்டோம். சமையல், பீலி, கோயில், சீட்டுக் காசு எல்லாம் பழையபடி நடப்பதால் கோப்பு மூடப்பட்டது. கட்டளையிடும் குரல் கேட்டாலோ, சாகும் எண்ணம் வந்தாலோ, பகலிலும் உருவங்கள் தெரிந்தாலோ காத்திருக்காமல் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு வர வேண்டும், இரவென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இனி மாற்றிச் செய்வது

மாத்திரைகளைப் பற்றி முதல் சந்திப்பில் கேட்டபோது "கிளினிக் மாத்திரதாங்க" என்றுதான் முதலில் பதில் வந்தது. தடிமன் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இனி டப்பாவையே தட்டிக் கொட்டிப் பார்ப்பது.

சாம்பல் தூவுவதற்கு முன், தட்டுக்குப் பதில் என்ன என்பதை அந்த வீட்டு ஆளோடு பேசி முடிப்பது. விடிய அச்சைப் பார்க்கும்போது பிள்ளை தனியே இருக்கக் கூடாது.

பூசாரியை 33ஆம் நாள் அல்ல, முதல் வாரத்திலேயே சந்திப்பது.

மூன்றாம் வாரத்தில், நல்ல மனதோடுதான், மகள் ஒரு குட்டியை அனுப்பிவைத்தார். அதைத் தடுத்திருக்க வேண்டும். குட்டி நாலு நாள் இருந்தது. அந்த அம்மா அதற்குச் சோறு வைத்தார், ஆனால் பழைய தட்டில் அல்ல, சிரட்டையில். ஐந்தாம் நாள் மேல் லயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். டிசம்பரில் அந்தக் குட்டி வளர்ந்து அவர் பின்னாலேயே கோயில் வரை நடக்கிறது என்று பேரன் சொன்னான். வீட்டுக்குள் இன்னும் விடவில்லை.